காது மெஷின் பொருத்தித் தருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட்டுகளுக்கும் காது மெஷின் விற்கிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அறைக்கு வந்து உட்காருகிறவர்களிடம் நீங்கள் முதலில் நீட்டுவது பெரும்பாலும் விலைப்பட்டியலைத்தான். இத்தனை சேனல் (ஒலியைத் தனித்தனியாகப் பிரித்துச் சரிசெய்யும் பகுதிகள்) என்றால் இந்த விலை, இன்னும் கூடுதல் சேனல் வேண்டுமென்றால் அந்த விலை, வெளியே தெரியாத மாடல் என்றால் அதற்குத் தனி விலை. பல வருடமாக இரண்டு காதிலும் மெஷின் மாட்டிக்கொண்டு நடமாடுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன்: அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மேசைக்குள் வையுங்கள். எந்த மெஷின் என்பதைவிட, அதை அந்தக் காதுக்கு எப்படிச் சரிசெய்து கொடுக்கிறீர்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அதற்கும் முன்னால் ஒன்று. திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்விட்டது என்று வருகிறவரிடம் மெஷின் பேச்சையே எடுக்காதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் பலனுக்கு வாய்ப்பு அதிகம். ஒரு காதில் மட்டும் குறைபாடு, சீழ் வடிதல், தலைசுற்றல் என்று வருகிறவர்களும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஆடியோகிராமுக்கு வருவோம். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் எங்களுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று அளந்து கோடு போடுகிறீர்கள். எடுத்ததும் கோப்பில் வைத்துவிடுகிறீர்கள். எங்களுக்கு ஒரு பிரதி கொடுத்து, இரண்டு வார்த்தை விளக்கினால் என்ன? வயதினால் காது மங்கும்போது பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். உயிரெழுத்துகள் நன்றாகவே விழும். வல்லின மெய்கள் நழுவும். பத்து என்றார்களா பட்டு என்றார்களா என்று முழிப்போம். வீட்டில் உள்ளவர்களோ ‘வேண்டியது மட்டும் கேட்குது’ என்பார்கள். அந்தக் கோட்டைக் காட்டி நீங்கள் சொன்னால், அந்த வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இனி நான் எழுத வந்த விஷயம். மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஆடியோகிராமை ஏற்றி, ஒரு பொத்தானைத் தட்டினால் கம்பெனி மென்பொருளே ஓர் அளவைப் போட்டுவிடுகிறது. ‘ஃபர்ஸ்ட் ஃபிட்’ என்கிறீர்கள். பலர் அதோடு முடித்துக்கொள்கிறார்கள். அது சராசரிக் காதுக்கான கணக்கு. காதுக்குழாய் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதே மெஷின் ஒருவர் செவிப்பறையருகே எழுப்பும் சத்தமும் இன்னொருவருக்கு எழுப்பும் சத்தமும் ஒன்றாக இருக்காது. போதாக்குறைக்கு, இந்த முதல் அளவு நாங்கள் இழந்த அந்த உயர் ஒலிகளுக்கே தேவையைவிடக் குறைவாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை நுழைத்து, அதன் மேலேயே மெஷினை மாட்டி, எதிரே ஸ்பீக்கரில் பேச்சொலியை ஓடவிடுகிறீர்கள். காதுக்குள் உண்மையில் எவ்வளவு சத்தம் சேர்கிறது என்பது திரையில் கோடாக ஏறும். இந்தக் குறைபாட்டுக்கு இவ்வளவு சத்தம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் என்ஏஎல், கனடாவின் டிஎஸ்எல் போன்ற கணக்கீட்டுச் சூத்திரங்கள் சொல்லும் இலக்குக் கோடும் பக்கத்திலேயே இருக்கும். இரண்டும் எங்கே விலகுகிறதோ அங்கே ஏற்றி இறக்கினால் போதும். குழாய் உள்ளே போகும்போது கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். இந்த ‘ரியல் இயர்’ அளவீட்டைச் செய்யாமல் விலை உயர்ந்த மெஷினைத் தலையில் கட்டுவதற்குப் பதில், செய்துவிட்டு நடுத்தர மெஷினைக் கொடுங்கள்.

சோதனையையும் அமைதியான அறையில், முகத்துக்கு நேரே நின்று ‘இப்ப கேட்குதா?’ என்பதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே யாருக்குத்தான் கேட்காது! பத்துப் பேர் பேசுகிற இடத்தில் நடுவில் ஒரு குரலைப் பிடிப்பதுதான் எங்கள் பாடு. ஆடியோகிராம் ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பேர் அந்த இடத்தில் வேறு வேறாகத் திணறலாம். இரைச்சலோடு பேச்சை ஓடவிட்டுச் சோதியுங்கள்.

‘வெளியே தெரியாது’ என்று ஆசை காட்டுவது இன்னொன்று. காதுக்குழாய்க்குள் ஒளியும் மெஷினில் போடும் 10ஆம் எண் செல்லின் குறுக்களவு 6 மில்லிமீட்டர்கூட இல்லை. விரல் மரத்துப்போன முதியவர் அதை எப்படி மாற்றுவார்? ஒலிபெருக்கி அவ்வளவு உள்ளே போனால் குறும்பி அடைப்பதும் சகஜம். அடிக்கடி அலமாரிக்குள் போய்ச் சேர்கிற மெஷின் இந்த ரகம்தான் என்பது என் அனுமானம். காது மிகவும் மந்தமானவருக்குக் காதின் பின்னால் மாட்டும் மெஷினும், காதை அச்செடுத்துச் செய்த மோல்டும்தான் தாக்குப்பிடிக்கும் என்றால், அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்.

பயமுறுத்தியும் விற்காதீர்கள். மெஷின் போடாவிட்டால் மறதி நோய் நிச்சயம் என்கிற பேச்சு இப்போது அதிகம். 2023இல் லான்செட் இதழில் வந்த ‘அச்சீவ்’ ஆய்வில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை 3 ஆண்டு கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆபத்துக் காரணிகள் கூடுதலாக இருந்த பிரிவினருக்கு மட்டும் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். அதை உள்ளபடியே சொல்லலாமே.

பேசும்போது கூட வந்த மகனையோ மகளையோ பார்த்துப் பேசாமல், மாட்டிக்கொள்ளப் போகிறவரைப் பார்த்துப் பேசுங்கள். சில வாரம் பழக வேண்டும், சொந்தக் குரலே முதலில் பானைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்ப வந்து சரிசெய்துகொள்ள நாளும் குறித்துக் கொடுங்கள்.

கடைசியாக, சில மெஷின்களை விற்ற நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் திறந்து அளவு மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் மாறினால் அந்த மெஷினை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? பூட்டியதுதான் என்றால், பணம் வாங்குவதற்கு முன்பே பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு காதிலும் மெஷினோடு ஒருவன்