பழைய லேப்டாப்ப குடுக்கறப்ப பேரு போடுற இடத்த காலியா விட்டு குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

நமக்கு கொழிஞ்சாம்பாறை. வீடு கேரளாவுல இருந்தாலும் காலைல காபியோட படிக்கறது தமிழ் பேப்பர்தான்.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் இல்லாத பழைய மெஷின விண்டோஸ் 11 ஏத்துக்காது, அதனால ஊர்ல நெறைய லேப்டாப் கை மாறுது. என்கிட்ட கெடந்த ஒண்ணுல விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச சிஸ்டம் போட்டு அண்ணன் மகளுக்கு குடுத்தேன். தமிழ் மீடியம் படிக்கறா, இங்க ஸ்கூல்லயே கேரள அரசோட கைட் அமைப்பு குடுக்கற உபுண்டு வகை லினக்ஸ்தான் ஓடுது, அவளுக்கு ஒண்ணும் புதுசில்ல.

தப்பு என்னோடது. இன்ஸ்டால் பண்றப்பவே என் பேரு, என் பாஸ்வேர்டுனு போட்டுட்டேன். "ஏனுங் சித்தப்பா, அப்டேட்டுக்கு பாஸ்வேர்டு கேக்குதுங்"னு வாரம் ரெண்டு போன். அதே பாஸ்வேர்டுதான் என் மெயிலுக்கும், வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. யாராச்சும் கேட்டா அவ, இது எங்க சித்தப்பா கம்ப்யூட்டருங்கறா. தொறந்ததும் என் பேரு நின்னா பின்ன என்ன சொல்லுவா!

அப்பறந்தான் தெரிஞ்சுது, மின்ட் பென்டிரைவ்ல பூட் பண்ணுனா மெனுவுலயே ஓ.இ.எம். இன்ஸ்டால்னு, கம்ப்யூட்டர் தயாரிச்சு விக்கறவங்களுக்கான ஒண்ணு இருக்குது. அதுல போட்டா 'ஓஇஎம்'னு தற்காலிகமா ஒரு யூசர் வரும், அதுல இருந்துட்டு அப்டேட், தமிழ் டைப்பிங், பிரின்டர் எல்லாம் நாம ரெடி பண்ணிக்கலாம். கடைசியா டெஸ்க்டாப்ல இருக்கற, ஆளுக்கு அனுப்ப தயார் பண்ற ஐகான தட்டி ஆஃப் பண்ணிட்டா சரி. அடுத்து ஆன் பண்றவங்ககிட்ட பாஷை, கீபோர்டு, பேரு, பாஸ்வேர்டு கேக்கும், அந்த தற்காலிக யூசர் தானா போயிரும். விண்டோஸ்னா ரீசெட்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு, நாடு எதுன்னு கேக்கற மொத ஸ்க்ரீன்லயே ஆஃப் பண்ணி குடுத்தா போதும்.

செகண்ட் ஹேண்ட் விக்கற கடைக்காரங்களும், பசங்களுக்கு லேப்டாப் தானம் பண்றவங்களும் இத செய்யணும். நான் ஒரு கடைல வாங்குனதுல பழைய ஓனரோட கல்யாண போட்டோ மொத்தமும் இருந்துச்சுங்க, கேட்டா அழிச்சுக்கங்கன்னாங்க, எனக்குத்தான் மனசு வல்ல.

போன ஞாயித்துக்கிழமை புதுசா போட்டு குடுத்தேன். தமிழ்னு அவளே செலக்ட் பண்ணுனா, பேர ஒவ்வொரு எழுத்தா தட்டுனா, அவங்கம்மா பக்கத்துல நின்னு இனிஷியலும் போடுங்கறாங்க. பாஸ்வேர்டு கேட்டதும் என்னய அந்தப்பக்கம் திரும்பி நிக்க சொல்லிட்டா.

— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்