சுவரில் சான்றிதழ், கடையில் ஆள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவுப்படி டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது பதிவு பெற்ற மருந்தாளுநர்தான். ஆனால் பல மெடிக்கல் ஷாப்களில் அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறது, மாத்திரையை எடுத்துத் தருவது போன மாசம் வேலைக்குச் சேர்ந்த பையன். அவனைக் குறை சொல்லி என்ன பயன், சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால்தானே?

முடக்குவாதம் என்ற மூட்டு நோய்க்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. கூடவே எழுதும் ஃபோலிக் ஆசிட்டும் பெரும்பாலும் அதே போல் சின்ன மஞ்சள் மாத்திரை. இரண்டையும் ஒரே கவரில் போட்டு, மேலே 1-0-0 (காலையில் மட்டும் ஒன்று) என்று கிறுக்கிக் கொடுத்தால் வீட்டில் இருக்கிற பாட்டி தினமும்தான் போடுவார். முதலில் வாய்ப்புண் வரும், அப்புறம் எலும்பு மஜ்ஜை பாதித்து ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். தனிக் கவரில் 'திங்கள் மட்டும்' என்று தமிழில் எழுத எவ்வளவு நேரமாகும்?

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பும் அப்படித்தான். 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது, 125-க்குப் பதில் 250-ஐ மாற்றிக் கொடுத்தால் மருந்து இரண்டு மடங்கு.

மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதி தேதி உள்ள ஓரத்தைக் கடைசியாக விற்க வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை.

மருந்து கட்டுப்பாட்டுத் துறையினர் பகலில் பில் புத்தகம் பார்ப்பது சரி, கூட்டம் நெரியும் இரவு எட்டு மணிக்கும் ஒரு நடை வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்