சட்டம் 1872-இல், பிள்ளைகள் வந்தது 1900-ஐ ஒட்டி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பான் 1872-இல் கல்விச் சட்டம் போட்டது, பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், நாடு தொழிலில் முன்னேறியது என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். இடையில் கிடந்த முப்பது ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை.

தாளில் அது பெரிய திட்டம். 8 பல்கலைக்கழக வட்டாரங்கள், ஒவ்வொன்றிலும் 32 நடுநிலைப்பள்ளி வட்டாரங்கள், அவை ஒவ்வொன்றிலும் 210 தொடக்கப்பள்ளிகள், ஆக 53,760. செலவில் பெரும்பகுதி ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது. அதற்கு மேல் மாதக் கட்டணம் 50 சென் (100 சென் ஒரு யென்), குறைந்த விகிதத்தில் 25 சென். நடவுக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளையை நம்பியிருந்த வீட்டுக்குப் பணமும் போயிற்று, ஆளும் போயிற்று. 1873-இல் கட்டாய ராணுவச் சேவையை எதிர்த்துக் கிளம்பிய உழவர்கள் சில இடங்களில் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். அந்த ஆண்டுச் சேர்க்கை 28 விழுக்காடுதான்: பையன்களில் 40, பெண் பிள்ளைகளில் 15. அதுவும் பதிவேட்டுக் கணக்கு. அன்றாட வருகை இன்னும் குறைவு.

1886-இல் கல்வி அமைச்சர் மோரி அரினோரி கட்டாயத்தை இறுக்கினார். கட்டணம் நீடித்தது. சீனாவிடம் பெற்ற போர் இழப்பீட்டில் 1 கோடி யென்னைக் கல்விக்கென ஒதுக்கி, 1900-இல் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கட்டணத்தை நீக்கினார்கள். 1902-இல் சேர்க்கை 90 விழுக்காட்டைத் தாண்டியது. கட்டண நீக்கம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே சேர்க்கை ஏறத் தொடங்கியிருந்தது. தையல் பாடம் வைத்ததும், தம்பி தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு வரும் சிறுமிகளுக்கெனத் தனி வகுப்புகள் நடத்தியதும் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்தன. வீட்டில் அவர்களுக்கு என்ன வேலை இருந்தது என்பதைப் பார்த்துச் செய்த ஏற்பாடுகள் அவை.

பொருளாதாரப் பலனைப் பேசுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்ககால ஏற்றுமதியைத் தாங்கிய கச்சாப் பட்டு, பள்ளிப் படிப்பை முடிக்காத ஏராளமான சிறுமிகளின் உழைப்பில் வந்தது. ஆலை முதலில் வளர்ந்தது. எல்லாருக்கும் பள்ளி பிறகுதான். கட்டாயக் கல்வி 1907-இல் ஆறு ஆண்டாக உயர்ந்தது. ஆறு வயதில் சேரும் பிள்ளை முடிக்கையில் வயது 12. பன்னிரண்டுக்குக் கீழே ஆள் சேர்ப்பதைப் பொதுவாகத் தடுத்த ஆலைச் சட்டம் அமலுக்கு வந்தது 1916-இல். 15 பேருக்குக் குறைவான பட்டறைகளை அதுவும் பொதுவாக எட்டவில்லை.

– வாசகர், மதுரை