செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுத் தோழர்களுக்கும், இருளர் குடியிருப்புகளிலிருந்து வந்திருக்கும் அம்மாமார்கள், அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டு நம் வேலையில் பெரும்பங்கு செங்கல் சூளைக்கே போனது. அடுத்து எஸ்.டி. (பழங்குடி) சான்று. மனைப்பட்டா வேலை பாதியில் நிற்கிறது.

சூளை

பொங்கல் கழிந்ததும் ஏஜெண்ட் முன்பணத்தோடு வந்து நிற்கிறார். கல் அறுப்பதற்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சு. வாரா வாரம் கையில் கிடைப்பது செலவுக்காசு மட்டும். மீதிக் கூலி முன்பணத்தில் கழிந்துவிட்டதாகக் கணக்கு. கோடை மழையில் பச்சைக்கல் (சுடாத செங்கல்) கரைந்தால் அந்த நட்டமும் அறுத்தவர் தலையில். சீசன் முடிவில் கணக்குப் பார்க்கும்போது கடன் குறைந்திருக்காது, சில வீடுகளில் கூடியே இருக்கும். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கிற வரைக்கும் இதில் மாற்றம் வராது.

புகார் போனபிறகு கோட்டாட்சியர் விசாரணையில் வரும் முதல் கேள்வி: "அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா?" இல்லை என்று சொன்னால் "கூலித் தகராறு" என்று எழுதிக் கோப்பை முடித்துவிடுகிறார்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அடியையும் பூட்டையும் கேட்கவே இல்லை. கடனுக்காக உழைக்கிறவர் பெயரளவுக் கூலி வாங்கினாலோ, வேறு வேலைக்குப் போக முடியாமல் இருந்தாலோ, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருந்தாலோ, சந்தை விலைக்குத் தன் உழைப்பை விற்க முடியாமல் இருந்தாலோ, இவற்றில் ஒன்றே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று ஆசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், முன்பணம் வாங்கியதால்தான் அந்த நிலை என்று அனுமானிக்க வேண்டும், இல்லையென்று மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1983 டிசம்பரில் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் 15ஆம் பிரிவும் நிரூபிக்கும் பாரத்தைக் கடன் கொடுத்தவர் மேல்தான் வைக்கிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து மனுவோடு இணைத்துக் கொடுக்கிறோம். படிக்கிற அதிகாரியும் உண்டு.

வாக்குமூலத்தில் விட்டுப்போகக் கூடாதவை: முன்பணம் எவ்வளவு, யார் கையால், எந்த ஊரில் வாங்கியது, ஆயிரம் கல்லுக்குப் பேசிய கூலி, கைக்கு வந்த கூலி, விடியற்காலை எத்தனை மணிக்குக் களத்தில் இறங்கினார்கள், ஊரில் சாவு, கல்யாணம், காதுகுத்து வந்தபோது என்ன நடந்தது. கடைசிக் கேள்விதான் வழக்கைத் தாங்குகிறது. "சந்தைக்குப் போனால் புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரையும் சேர்த்து விடமாட்டாங்க, ஒரு ஆள் இங்க இருக்கணும்" என்று ஒரு அக்கா சொன்ன ஒற்றை வரி, நடமாடும் உரிமை பறிபோனதற்கு நேரடிச் சான்று. "சுதந்திரமாக இல்லை" என்று பொதுவாக எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே அறையில் உட்கார வைத்து விசாரிக்க ஒப்புக்கொள்ளவே வேண்டாம். எதிரில் அவர் இருந்தால் நம் ஆள் தலையைக் குனிந்துகொண்டு "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் சொல்வார்.

கொத்தடிமையிலிருந்து மீட்டதற்கான விடுதலைச் சான்று, வேலை செய்த ஒவ்வொருவர் பேருக்கும் தனித்தனியே வேண்டும். குடும்பத் தலைவர் பேரில் ஒன்று எழுதி, மனைவியையும் பிள்ளைகளையும் கீழே அடைப்புக்குறிக்குள் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், ஆள்கடத்தல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம். மனைவி பெயரில் சான்று இல்லையென்றால் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, வழக்கின் முடிவுக்குக் காத்திராமல் மாவட்ட நிர்வாகமே தரலாம். பெரிய தொகை தண்டனைத் தீர்ப்போடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் எஃப்.ஐ.ஆர். பலவீனமாக இருந்தால் அந்தப் பணம் கானல்நீர்.

எஃப்.ஐ.ஆரில் கவனிக்க வேண்டியது இது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. ஆள்கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்குமான பழைய 370, 374ஆம் பிரிவுகள் இப்போது 143, 146. பழைய மாதிரி மனுக்களைக் கிழித்துப் போடுங்கள். பிரிவு எண் தப்பு என்ற சாக்கிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழங்குடியினரைக் கொத்தடிமையாக வைப்பது அதில் நேரடிக் குற்றம். அது சேர்ந்தால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை வர வேண்டும், முன்ஜாமீன் கிடையாது. முதற்கட்ட விசாரணை செய்துவிட்டுத்தான் பதிவு செய்வோம் என்று நிலையத்தில் சொன்னால், அதே சட்டத்தில் 2018இல் வந்த 18ஏ பிரிவைக் காட்டுங்கள். புகார் வந்ததற்கு நிலையத்தில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் வழக்கு அங்கேயே தூங்கிவிடும்.

பணம் வந்தபிறகும் சிக்கல் இருக்கிறது. ஆதாரில் ஒரு பெயர், சான்றில் ஒரு பெயர், வங்கிக் கணக்கு பல வருடம் தொடாமல் முடங்கிக் கிடக்கிறது. மீட்ட வாரத்திலேயே மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

எஸ்.டி. சான்று

பழங்குடிச் சான்றைக் கொடுப்பவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். இ-சேவையில் பதிந்ததும் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு ஏறுகிறது. ஏறும் வழியில் எங்கே நிற்கிறது என்று பதிவு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அப்பா அம்மாவுக்குச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கே பாதி மனுக்கள் திரும்புகின்றன. அப்பா வழியில் சித்தப்பாவோ, அத்தையோ, தாத்தாவின் அண்ணன் பிள்ளையோ, எவரிடம் சான்று இருந்தாலும் நகல் வேண்டும். கூடவே உறவு முறையைக் காட்டும் வம்சாவளி. சொந்தம் நாலு மாவட்டத்தில் சிதறிக் கிடக்கிறதே என்பவர்களுக்கு ஒரு யோசனை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் எல்லோரும் கூடுகிறோம். கன்னியம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு சொந்தக்காரர்களின் சான்றைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த முறை அப்படிச் செய்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

"பாம்பு பிடிப்பாயா, எலி பிடித்துக் காட்டு" என்று கள விசாரணையில் கேட்பது இன்னும் நடக்கிறது. காலேஜில் படிக்கிற பெண்பிள்ளையிடம் கேட்கும் கேள்வியா இது? பழக்கவழக்கத்தைச் சோதிப்பது சாதியை முடிவுசெய்யும் உரைகல் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படிக் கேட்டால் பதில் சொல்வதோடு, கேள்வியையும் விசாரணைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டார்கள், கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள்.

பிறப்பு பதியாதவர்களுக்கு: 2023 அக்டோபர் 1 முதல், ஓர் ஆண்டு கடந்த பதிவுக்கு நீதித்துறை நடுவரிடம் போகத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ ஆட்சியர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரோ உத்தரவிடலாம்.

மனைப்பட்டா

மிகவும் பின்தங்கிய பழங்குடியினருக்கான மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீடு வந்தாலும் நிற்க இடம் வேண்டுமே. விழா மேடையில் வாங்கிய பட்டாவுக்கு நிலம் எது என்று கேட்டால் கைகாட்ட ஆளில்லை. சர்வேயர் அளந்து நாலு மூலையிலும் கல் நட்டு, உட்பிரிவு எண் போட்டு, புலப்படத்திலும் கணினிச் சிட்டாவிலும் பெயர் ஏறினால்தான் அது பட்டா. ஏரிப் புறம்போக்கில் கொடுத்த இடம் ஆட்சேபகரமானது என்று பின்னால் ரத்தாகும். ஆகவே கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன்னால் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். நிலுவை மனுக்களின் பட்டியல் மேசையில் இருக்கிறது. பெயர் இருப்பவர்கள் சர்வே எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்.

அடுத்த சீசன்

தை மாதத்துக்குள் சூளைக்குப் போகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டுக் கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வாரம். தேதி, அறுத்த கல், கரைந்த கல், வாங்கிய செலவுக்காசு, கழித்ததாகச் சொன்ன தொகை என்று ஐந்து கட்டம். எழுதத் தெரியாதவர்கள் ஆயிரம் கல்லுக்கு ஒரு கோடு போட்டால் போதும். நோட்டைச் சூளையில் பார்வையில் படும்படி வைக்காதீர்கள், அரிசிப் பானையில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். வாராவாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிட்டால், நோட்டைப் பிடுங்கினாலும் கணக்கு நம்மிடம் இருக்கும்.

அவசரத்துக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100, வன்கொடுமைப் புகாருக்கு 14566. பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி உண்டு.

ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். இந்த அறிக்கையைப் பேரவை விவாதித்து ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்