பார்சல் வந்து சேரும். சேவை வந்து சேருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றிலிருந்து ஸ்மார்ட் ஸ்பீக்கர் வரவழைத்ததில் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை, அதே எண்ணத்தில் இருக்கும் வாசகர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும் என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். இதை ஒரு கடையின் மீதான புகாராக மட்டும் கொள்ள வேண்டாம். நாடு கடந்து விற்கும் எல்லாக் கடைகளிடமும் எனக்கு உள்ள கோரிக்கை ஒன்றுதான்: பொருளை எங்கெல்லாம் அனுப்புவோம் என்று எழுதும் அதே பக்கத்தில், அது எங்கெல்லாம், எந்த அளவுக்கு இயங்கும் என்பதையும் எழுத வேண்டும்.

என் தாயாருக்குக் கண்பார்வை மங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சுவர்க் கடிகாரத்தின் முள் அவருக்குத் தெரிவதில்லை. செல்பேசியின் தொடுதிரையும் பயன்படுவதில்லை. வாயால் கேட்டால் மணி சொல்லும், மாத்திரை வேளையை நினைவூட்டும், பாட்டுப் போடும் கருவி ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தால், இவற்றுக்கெல்லாம் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டிய நிலை அவருக்கு வராது என்று எண்ணினேன். நான் விரும்பிய மாடல் உள்நாட்டில் விற்பனைக்கு வரவில்லை. வெளிநாட்டுக் கடையின் பக்கத்தில் "உலகெங்கும் அனுப்புவோம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன்.

பார்சல் சொன்ன நாளில், ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. அடாப்டரின் முள்கள் எங்கள் வீட்டு ப்ளக்கில் பொருந்தாததால், முள்ளின் வடிவத்தை மாற்றித் தரும் சிறு ப்ளக் ஒன்றை வாங்கி வந்தேன். அதில் மாட்டிச் சுவிட்சைப் போடக் கை நீட்டிய நேரத்தில்தான், அடாப்டரின் அடிப்பக்கத்தில், கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ அச்சாகியிருப்பது கண்ணில் பட்டது. செல்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். "இன்புட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். நான் வாங்கி வந்த ப்ளக் முள்ளைத்தான் மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. சுவிட்சைப் போட்டிருந்தால் அடாப்டர் கருகியிருக்கும். அது தாயாரின் கட்டிலுக்கு அருகில் நடந்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

வட அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், உலகின் பெரும்பாலான நாடுகளில் 220 முதல் 240 வோல்ட் வரை என மின்சாரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அடாப்டரில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று அச்சாகியிருந்தால் எங்கும் பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் இப்போது அப்படித்தான் தருகின்றன என்றாலும் எல்லாரும் தருவதில்லை. வேறு அடாப்டர் வாங்க நேர்ந்தால், அதிலிருந்து வெளிவரும் வோல்ட் பழையதன் எண்ணாகவே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, முனையின் நடுவில் வருவது பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் வட்டக் குறியும் ஒத்துப்போக வேண்டும். விற்பனைப் பக்கத்தில் ஒன்பது படங்கள் போட்டிருந்த கடை, அடாப்டரின் அடிப்பக்கத்தை ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டிருந்தால் போதும்.

வேறு அடாப்டர் வாங்கி அந்தப் பிரச்சினை தீர்ந்ததும் வைஃபை பிரச்சினை வந்தது. வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளிலும் தெரிந்த எங்கள் வைஃபையின் பெயர், ஸ்பீக்கருக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு நாள் மாலைகளை இதற்கே செலவழித்த பிறகு காரணம் புரிந்தது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல்கள் எனப்படும் எண்ணிட்ட பிரிவுகள் உண்டு. அமெரிக்காவில் அவற்றில் 1 முதல் 11 வரையிலானவைதாம் வழக்கமாகப் புழங்குகின்றன. வேறு பல நாடுகளில் 12, 13 ஆகியவற்றுக்கும் அனுமதி உண்டு. வைஃபை தரும் எங்கள் ரவுட்டர் தானாகவே 13-ஐத் தேர்ந்தெடுத்திருந்தது. அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட ஸ்பீக்கர் அந்தச் சேனலை எட்டிப் பார்க்கவே இல்லை. ரவுட்டரின் அமைப்புக்குள் சென்று சேனலை 6 என்று மாற்றியதும் ஒரு நிமிடத்தில் இணைந்துவிட்டது. இதே சிக்கலில் இருப்பவர்கள் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வைத்துப் பார்க்கலாம்.

இணைந்தபின் அம்மாவை அருகில் அமர்த்தி, மணி கேட்டேன். அது வேறொரு கண்டத்தின் மணியைச் சொன்னது. ஸ்பீக்கரை அமைப்பதற்கான செல்பேசி ஆப்பில் முகவரி எழுதும் இடம், விற்ற நாட்டின் அஞ்சல் குறியீட்டைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. நேர மண்டலத்தை மாற்றும் இடத்தை ஒருவழியாகக் கண்டுபிடித்து மணியைச் சரிசெய்தேனே தவிர, வானிலை கேட்டால் நாங்கள் போகவே போகாத ஒரு நகரத்தின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் சொல்வதை இன்றுவரை மாற்ற முடியவில்லை. நான் சந்தா கட்டும் பாட்டுச் சேவையும் அந்த நாட்டுக் கணக்கோடு சேரவில்லை. விற்பனைப் பக்கத்துப் பெட்டியின் படத்திலிருந்த மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை என்பதை வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். அது என் தவறு, அதைக் கடையின் மீது சுமத்த மாட்டேன்.

வானொலிப் பெட்டியையோ டேப் ரெக்கார்டரையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பழகியவர்களுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கரும் அதுபோன்ற ஒரு பெட்டியாகவே தோன்றும். ஆனால் நம் கைக்கு வரும் பெட்டியில் மைக், ஒலிபெருக்கி, சிறு கணினி ஆகியவைதாம் இருக்கின்றன. நாம் பேசியதைப் புரிந்துகொண்டு பதில் தயாரிக்கும் வேலையில் பெரும்பகுதி எங்கோ இருக்கும் சர்வர் கணினிகளில் நடக்கிறது. அந்தச் சேவையை நிறுவனங்கள் நாடு நாடாகத்தான் திறக்கின்றன. அமேசானின் எக்கோ ஸ்பீக்கர் 2014 நவம்பரில் அமெரிக்காவில், அதுவும் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்டது. பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் 2016-இல்தான் வந்தது. ஆப்பிளின் ஹோம்பாட் ஸ்பீக்கர் 2018 பிப்ரவரியில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும் விற்பனையைத் தொடங்கியது. தயாரித்தவர்களே இவ்வளவு நிதானித்துத் திறக்கும் ஒன்றை, இடையில் நிற்கும் கடை ஒரே வரியில் உலகுக்கெல்லாம் விற்றுவிடுவது சரியல்ல.

மூன்றாம் மாதம் ஒலி கரகரக்கத் தொடங்கியது. நிறுவனத்தின் சேவை மையத்தில் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இது வேறு நாட்டில் விற்பதற்கென்று செய்த பொருள், வாரண்டி அங்கே மட்டுமே செல்லும் என்று கூறித் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்கு எழுதினேன். திருப்பி அனுப்பும் கூரியர் கட்டணம் என்னுடையது என்று பதில் வந்தது. அந்தக் கட்டணம் பொருளின் விலையில் பாதியைத் தாண்டியது. பல நாடுகளில் சுங்க வரியைப் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல்தான் போடுகிறார்கள். பொருளைத் திருப்பி அனுப்பினாலும், கட்டிய வரியைக் கடை திருப்பித் தருவதில்லை, சுங்கத்துறையிடம் நாமே ஆவணங்களோடு கேட்டு வாங்க வேண்டும். பேட்டரி உள்ள ஸ்பீக்கராக இருந்தால் இன்னொரு தடையும் உண்டு: பழுதடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பது சரக்குப் போக்குவரத்து விதி.

சேவை எத்தனை காலம் நீடிக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கார்டானா என்ற குரல் சேவையை நம்பி ஹார்மன் கார்டன் 2017-இல் வெளியிட்ட இன்வோக் என்ற ஸ்பீக்கருக்கு, 2021-இல் அந்தக் குரல் சேவை நின்றுபோயிற்று. அதன்பின் அது சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கராக மட்டுமே பயன்பட்டது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லாதபோதே இது நடந்தது.

நான் கேட்பது நடக்க முடியாத ஒன்றும் அல்ல. இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியம் தன் நுகர்வோருக்கு வழங்கியிருக்கிறது. இணையத்தோடு இணையும் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது. அவ்வாறிருக்க, அடாப்டரின் வோல்ட், ஆப்பும் குரல் சேவையும் இயங்கும் நாடுகள், புரியும் மொழிகள், வாரண்டி செல்லும் இடங்கள், அப்டேட் கிடைக்கும் கடைசி நாள் ஆகியவற்றை ஒரு பத்தியில் எழுதுவது கடைக்குப் பெரும் சுமையாகாது. வாங்குபவர் எந்த நாட்டு முகவரியைக் கொடுக்கிறார் என்பது பணம் கட்டும் பக்கத்துக்கு வரும்போதே கடைக்குத் தெரிந்துவிடுகிறது. "உங்கள் நாட்டில் இச்சேவை கிடைக்காது" என்ற ஒரு வரி அந்த இடத்தில் தோன்றியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

கடை அவ்வாறு எழுதும் நாள் வரும்வரை, வாங்க நினைப்பவர்கள் மாடல் எண்ணைக் குறிப்பிட்டு இந்த விவரங்களைக் கடையிடமும் தயாரிப்பாளரிடமும் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துப்பூர்வமான பதில் கையில் வந்தபின் பணம் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலே வராவிட்டால் வாங்க வேண்டாம்.

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் அந்தக் கரகரப்போடு அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறது. மணி கேட்பதற்கான ஆங்கில வாக்கியம் ஒன்றை அவர் மனப்பாடம் செய்துகொண்டார். சில நாட்களில் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ கேட்டபின்தான் அதற்குப் புரிகிறது. மாத்திரை வேளையை நினைவூட்டும் பொறுப்பை நான் அதனிடம் விடவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்