"அயலில் இருக்கிறது" என்று சொல்லி எங்களை அனுப்பாதீர்கள்: எங்கள் நகரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேயர் அவர்களுக்கும் நகரசபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த மடலின் டச்சு வடிவத்தை இன்று காலை உங்கள் செயலகத்தில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கி வந்துவிட்டேன். அதையே தமிழிலும் எழுதி வெளியிடக் காரணம் உண்டு. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நெதர்லாந்தின் இந்த ஊரில் வரி கட்டி வாழும் குடும்பங்கள் பல. கஞ்சா என்ற சொல் எங்கள் வீடுகளில் ஒரு வசைச்சொல். அதைப் பற்றிச் சபையில் எழுந்து பேச எங்களில் யாரும் வரமாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதுகெலும்பு நரம்பு வலியோடு பதினொரு ஆண்டுகளாக இரவுகளைக் கழித்து, அந்த வலியைத் தணிக்கக் கஞ்சா எடுக்கும் ஒருவன் என்ற முறையில் நான் என் பெயரில் பேசுகிறேன்.

நம் நகராட்சி எல்லைக்குள் ஒரேயொரு கொஃபிஷொப்புக்கு, அதாவது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கஞ்சாக் கடைக்கு, இடம் கொடுங்கள் என்று சென்ற மாத அமர்வில் வைக்கப்பட்ட கோரிக்கைக்கு, அயல் நகரங்களில் போதிய கொஃபிஷொப்புகள் இருப்பதால் இங்கு அதற்குத் தேவை எழவில்லை என்று பதில் தந்தீர்கள். விவாதம் நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டது. நான் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருந்தேன். "அயல்" என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு தூரம் அடங்கியிருக்கிறது என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன்.

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் மாலையைச் சொல்கிறேன். வழக்கமாக நான் போகும் கடை அயல் பெருநகரத்தின் தெற்குப் பகுதியில், என் வீட்டிலிருந்து 14 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. இரண்டு பேருந்து மாறி, கைத்தடியோடு போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். அன்று போனபோது கதவில் அந்நகர மேயரின் மூடல் உத்தரவு ஒட்டப்பட்டிருந்தது. காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கவும் அங்கே ஆளில்லை. கைத்தொலைபேசியின் வரைபடத்தில் தேடி, அது காட்டிய அடுத்த விலாசத்துக்கு நடந்தேன். அங்கே நக அலங்காரக் கடை ஒன்று இருந்தது. கொஃபிஷொப் அங்கிருந்து போய் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று உள்ளே வேலை செய்த பெண் சொன்னார்.

விளம்பரம் செய்யக்கூடாது என்பது இந்தக் கடைகளுக்குள்ள விதிகளில் முதலாவது. வாசலில் இலைப் படம் வரையக்கூடாது, பத்திரிகையில் அறிவிக்கக்கூடாது. அந்த விதியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. சிறுவர்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஊருக்குப் புதியவனும் இருட்டில் கண் மங்குபவனும் அந்தக் கதவை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு வழியில்லாமல் தெருவில் விசாரித்தேன். வெதுப்பகத்தைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், அருகில் கொஃபிஷொப் ஏதும் உண்டா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், தோளில் தொங்கிய கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபக்கம் போனார். எனக்கு அறுபத்திரண்டு வயது. இந்த நாட்டின் கண்ணாடிக் கூடாரங்களில் இருபத்தாறு ஆண்டுகள் தக்காளிப் பெட்டி தூக்கித்தான் இந்த முதுகு இப்படியானது. அந்த அம்மையார் மீது எனக்குக் கோபமில்லை. அவரிடம் போய்க் கேட்கும் நிலைக்கு என்னைக் கொண்டு வந்துவிட்டவர்கள் மீதுதான் இருக்கிறது.

கடைசியில் எட்டே முக்கால் மணிக்கு ஒரு கடையைக் கண்டுபிடித்து, அடையாள அட்டையைக் காட்டி, 5 கிராம் வாங்கினேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என்பது விதி. என் அளவுக்கு அது பத்து நாளைக்குக் காணும். அதாவது மாதத்தில் மூன்று முறை இந்தப் பயணத்தை நான் போயாக வேண்டும்.

திரும்பும்போது, வர வேண்டிய பேருந்து இரத்து என்று பலகையில் விழுந்தது. பனியும் மழையும் கலந்து பெய்தது. ஐம்பது நிமிடம் நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். அப்போது மின்சைக்கிளில் வந்த ஓர் இளைஞன், பத்தொன்பது வயதுதான் இருக்கும், நான் எங்கே போக வேண்டும் என்று விசாரித்தான். நம் ஊரின் பெயரைச் சொன்னேன். "மெனேர் (ஐயா), அங்கே நான் ஒவ்வொரு இரவும் வருகிறேனே, இவ்வளவு தூரம் நீங்கள் ஏன் அலைகிறீர்கள்? இந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், இருபது நிமிடத்தில் வீட்டு வாசலில் தருகிறேன்" என்று சொல்லி ஒரு சிறு அட்டையை நீட்டினான். அன்று மாலை முழுவதும் என்னிடம் அன்பாகப் பேசிய ஒரே மனிதன் அவன்தான். அட்டையில் மேலே கஞ்சா. அதற்குக் கீழே கொக்கெய்ன், எக்ஸ்ரசி, 3-எம்எம்சி என்ற செயற்கைப் போதைப்பொருள், ஒவ்வொன்றுக்கும் நேரே விலை.

அந்த அட்டையை டச்சு மடலோடு இணைத்திருக்கிறேன். எண்ணை மட்டும் காவல்துறையிடம் தனியாகக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1976இல் போதைப்பொருட்களுக்கான ஓப்பியச் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவை ஒரு பட்டியலிலும் ஹெரோயின் போன்றவற்றை வேறொரு பட்டியலிலும் இந்த நாடு பிரித்தது எதற்காக? கஞ்சா வாங்கப் போகிறவன் மற்றவற்றை விற்பவனின் கையில் விழக்கூடாது என்பதற்காகத்தானே? கண்டும் காணாமல் விடுவது என்று நாங்கள் தமிழில் சொல்வதை நீங்கள் "ஹெடோஹென்" என்று பெயரிட்டு அரச கொள்கையாகவே வைத்திருப்பதும் அதற்காகத்தான். அந்தச் சுவர் நம் ஊரில் இடிந்துபோய்விட்டது. சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடை 14 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. சட்டம் பொறுக்காதவன் இருபது நிமிடத்தில் என் கதவைத் தட்ட ஆயத்தமாக நிற்கிறான். நான் கிழவன், அட்டையின் கீழ் வரிகள் என்னை இழுக்கமாட்டா. என் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருபது வயது.

வேறு வழி இல்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். 2003 முதல் வைத்தியரின் சீட்டோடு மருந்தகத்தில் கஞ்சா வாங்கலாம் என்பது உண்மை. என் குடும்ப வைத்தியர் எழுதித் தந்து நான்கு மாதம் அதன் எண்ணெயை எடுத்தேன், நல்ல மருந்து. ஆனால் அடிப்படைக் காப்புறுதிக்குள் அது வராது, என் ஓய்வூதியம் அதற்குப் போதாது. வீட்டில் ஐந்து செடி வரை வளர்ப்பவர் மீது பொதுவாக வழக்குப் போடுவதில்லை, செடிகளை எடுத்துக்கொண்டு போவதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் நான் வாடகை வீட்டில் இருப்பவன், ஒரு செடி வளர்த்தாலும் வீடு போய்விடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. கொஃபிஷொப்புகள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும் அனுமதி இல்லை. 2017இல் வீதியில் உமிழ்நீர்ச் சோதனை வந்த பிறகு காரையும் விற்றுவிட்டேன், ஏனென்றால் முதல் நாள் இரவு எடுத்தது மறுநாள் சோதனையில் காட்டுமா காட்டாதா என்ற சந்தேகத்தோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பது சரியென்று எனக்குப் படவில்லை. ஒவ்வொரு விதியிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவை எல்லாம் சேர்ந்து ஒரே மனிதனின் முதுகில் ஏறும்போதுதான், அவனைத் தாங்க அருகில் ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும் என்கிறேன். ஆகவே மறுபடியும் கேட்கிறேன்: நம் எல்லைக்குள் ஒரு கொஃபிஷொப்புக்கு அனுமதி கொடுங்கள்.

சபையில் சொல்லப்பட்ட அச்சங்களை நான் குறித்துக்கொண்டு வந்தேன். வெளியூரார் திரண்டு வருவார்கள் என்றார் ஓர் உறுப்பினர். பெல்ஜிய எல்லையோரத்தில் உள்ள ரோசெண்டாலும் பேர்கன் ஒப் சோமும் அப்படித் திரண்ட கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் 2009இல் தங்கள் கொஃபிஷொப்புகளை எல்லாம் மூடின. அவர்களுடைய தொல்லையை நான் மறுக்கவில்லை. நாம் எந்த எல்லையிலும் இல்லை. அதற்கு மேலும், நாட்டில் வசிப்பவருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது, மாஸ்ட்ரிக்ட் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறது, நீங்களும் பின்பற்றலாம். பாடசாலைகளைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. அம்ஸ்டர்டாமில் 1970களின் தொடக்கத்தில் உருவான, நாட்டின் முதல் கொஃபிஷொப் என்று பலரும் சொல்லும் மெலோ யெல்லோ, சிகையலங்காரப் பயிற்சிப் பாடசாலைக்கு 230 மீற்றர் அருகில் இருந்த குற்றத்துக்காக 2017 தொடக்கத்தில் மூடப்பட்டது. அவ்வளவு நுணுக்கமாகத் தூரம் அளக்கத் தெரிந்த நாட்டில், நம் ஊரின் தொழிற்பேட்டைப் பக்கம் 250 மீற்றருக்குள் ஒரு பாடசாலையும் இல்லாத, பேருந்து நிற்கும் இடம் ஒன்றைத் தேடியெடுப்பது இயலாத காரியமா?

கடையின் பின்கதவு வழியாகக் குற்றக் கும்பல் நுழையும் என்ற அச்சம்தான் எல்லாவற்றிலும் கனமானது. முன்கதவில் விற்பதைப் பொறுத்துக்கொண்டு, பின்கதவில் வாங்குவதைத் தண்டிக்கும் இந்த முரண்பாட்டோடு நாடு அரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்டது. ஆனால் இன்று அதற்கும் ஒரு முயற்சி நடக்கிறது. பிரேடா, டில்பேர்க், குரோனிங்கன், அல்மேரே உட்படப் பத்து நகராட்சிகளில் அரசின் அனுமதி பெற்று வளர்க்கும் கஞ்சாவைக் கடைகளுக்குக் கொடுக்கும் பரிசோதனை, 2023 டிசம்பரில் பிரேடாவிலும் டில்பேர்க்கிலும் முதலில் தொடங்கியது. 2025 ஏப்ரல் முதல் அங்குள்ள கடைகள் பூக்கஞ்சாவை வேறெவரிடமும் வாங்கக்கூடாது. அந்தப் பத்தில் அல்மேரேயும் இருப்பதைக் கவனியுங்கள். அதுவும் நம் ஊரைப் போல அண்மைக்காலத்தில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர்தான். உரிமம் கேட்பவரின் பணமும் பின்னணியும் எங்கிருந்து வருகின்றன என்று தோண்டிப் பார்க்கும் அதிகாரத்தையும் பிபோப் சட்டம் உங்கள் கையில் தந்திருக்கிறது. இத்தனை கருவிகளும் இருக்கும்போது, ஒரு கடையும் வேண்டாம் என்ற கொள்கையை வைத்திருப்பது பாதுகாப்புக்காக என்று என்னால் நம்ப முடியவில்லை.

உண்மையில் இந்த அணுகுமுறை கஞ்சாவோடு நிற்கவில்லை என்பதுதான் என் பெரிய வேதனை. பெருநகரங்களின் நெரிசலைத் தணிக்க 1970களில் வயல்களின் நடுவே கட்டப்பட்ட ஊர் நம்முடையது. வீடுகளை இங்கே கட்டினார்கள், மற்ற எல்லாவற்றையும் நகரத்திலேயே விட்டுவிட்டார்கள். வங்கிக் கிளை மூடப்பட்டபோது அயலில் இருக்கிறது என்றார்கள். தபாற்கந்தோர் பல்பொருள் அங்காடியின் ஒரு மூலைக்குப் போனது. அரை மணிக்கு ஒன்றாக ஓடிய மாலைப் பேருந்து, மணிக்கு ஒன்றாகக் குறைந்தது. காவல் நிலையத்துக்குப் போகவே முன்கூட்டி நேரம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே சொல்: அயல். நாட்டில் 1999இல் 800க்கும் மேலாக இருந்த கொஃபிஷொப்புகள் இன்று 600க்கும் கீழே வந்துவிட்டன. மூன்றில் இரண்டு பங்குக்கும் கூடுதலான நகராட்சிகளில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் அயலைக் கைகாட்டினால், அந்த அயலூரில் வசிப்பவர்கள் எல்லோருடைய வரிசையையும் தங்கள் வாசலில் சுமக்கிறார்கள். அன்று அந்த வெதுப்பகப் பெண்மணி என்னைப் பார்த்து அஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம் ஊரின் பாரத்தை அவருடைய தெருவில் இறக்கிவைக்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

நான் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். நீங்கள் நல்லவர்கள் என்பதை நான் அறிவேன். என் வீட்டுப் படியில் கைப்பிடி பொருத்தித் தந்ததும் இதே நகராட்சிதான். அதனால்தான் என் வேண்டுகோளைத் தெளிவாக வைக்கிறேன். ஒரேயொரு கொஃபிஷொப். ஊரில் வசிப்பவர்களுக்கு மட்டும், பாடசாலைகளுக்கு எட்டாத இடத்தில், நீங்கள் விரும்பும் அத்தனை நிபந்தனைகளோடும். அது முடிவாகும் வரை, சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைகள் அயலில் எங்கெங்கே இன்னும் திறந்திருக்கின்றன என்ற பட்டியலை நகராட்சியின் தகவல் மேசையிலாவது வைத்திருங்கள். விளம்பரத் தடை கடைக்காரருக்கு உரியது. தன் குடிமகனுக்கு ஒரு விலாசம் சொல்வதை அது தடுக்காது.

அரச வழக்குத்தொடுநரோடும் காவல்துறைத் தலைவரோடும் நீங்கள் கூடும் அடுத்த முத்தரப்புக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு மேயர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சபையின் அடுத்த அமர்வில் குடிமக்கள் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு விண்ணப்பித்திருக்கிறேன். மாலை எட்டு மணிக்கு முன்பாக அழைத்தால், வீடு திரும்பும் பேருந்தை என்னால் பிடிக்க முடியும்.

இப்படிக்கு,
மதிப்புடன்,
உங்கள் ஊர்க் குடிமகன் ஒருவன்