சாந்திக்கு, கவிதாவின் படிப்பு பற்றி

அன்புள்ள சாந்தி,

நீ அனுப்பிய குரல் பதிவை எம்ஆர்டி ரயிலிலேயே கேட்டேன். "சுற்றுச்சூழல் படித்துவிட்டு மரம் நடப் போகிறாளா?" என்று அண்ணன் கேட்டாராமே, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். ஆனாலும் அவர் கேட்டதில் தப்பில்லை, இவ்வளவு செலவு செய்து ஜோகூரிலிருந்து பிள்ளையை இங்கே அனுப்புகிறவர் கேட்கத்தான் செய்வார்.

அவரிடம் இப்படிச் சொல். சிங்கப்பூரில் எங்கே ஒரு சட்டம் வந்ததோ அங்கேதான் இந்தப் படிப்புக்கு வேலை வந்தது. கரிம வரியையே எடுத்துக்கொள். ஆலைகள் வெளியிடும் கரிம வாயுவுக்கு 2019-ல் ஒரு டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளி, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2024-ல் 25 ஆனது, 2026-க்கு 45. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் ஆலைகளுக்குத்தான் வரி, ஆனால் புகையை அளக்கவும் கணக்கு எழுதவும் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டுமே! நானே களத்தில் பூட்ஸ் போட்டு அலைந்தவள், இப்போது பாதி நாள் எக்செல் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

களவேலை இல்லாமல் இல்லை. காட்டோரம் ரயில் பாதையோ சாலையோ வருகிறதென்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு செய்யச் சொல்வார்கள், அழுங்கும் சருகுமானும் எந்த வழியாகப் போகின்றன என்று பார்க்க மரத்தில் கேமரா கட்டுவோம், ஓடையில் தண்ணீர் எடுப்போம், இரவில் தவளைச் சத்தத்தைக் கேட்டு எண்ணுவோம். குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அடியில் 70 மீட்டர் ஆழத்தில் போகிறதே, அதற்கு முன்னால் நடந்த ஆய்வும் வாக்குவாதமும் பல வருஷம் இழுத்தன. காட்டைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னவர்களுக்கு அந்த முடிவில் திருப்தி இல்லை, எனக்கும் முழுத் திருப்தி கிடையாது. கவிதாவுக்கு இது முன்பே தெரிந்திருக்கட்டும். நம் அறிக்கை பெரும்பாலும் திட்டத்தை நிறுத்தாது, கொஞ்சம் வளைக்கும், அவ்வளவுதான். புலாவ் உபின் தீவில் செக் ஜாவா கடற்கரையைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தை 2001-ல் ஒத்திவைத்தார்களே, அது மாதிரி நடப்பது அபூர்வம்.

அப்புறம் தண்ணீர். உங்கள் ஜோகூர் ஆற்றிலிருந்து நாங்கள் நாளுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம் என்ற 1962 ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. அதை நினைத்தே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் புதுநீர் ஆலை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று கட்டிக்கொண்டே போகிறார்கள், அங்கே வேதியியல் தெரிந்தவர்களுக்கு மதிப்பு அதிகம். குப்பையிலும் இதே கதை. எரித்த சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

படிப்பு என்று பார்த்தால், தேசியப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறையும் கலைத் துறையும் சேர்ந்து 2011 முதல் நடத்தும் சுற்றுச்சூழல் பட்டம் இருக்கிறது, போகப் போக உயிரியல் பக்கமோ புவியியல் பக்கமோ போகலாம். கடல்மட்டம், நிலநடுக்கம், எரிமலை என்று பூமியே பிடிக்கும் என்றால் நன்யாங் பல்கலைக்கழகம். எதில் சேர்ந்தாலும் புள்ளியியலையும் வரைபட மென்பொருளையும் விடவே கூடாது என்று சொல். பேட்டிக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் இயற்கையை நேசிக்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள், ஓர் அட்டவணையைக் கொடுத்து இதில் என்ன தெரிகிறது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

இன்னொன்று, அண்ணனிடம் அவசியம் சொல். வெளிநாட்டுப் பிள்ளைகள் அரசாங்கக் கட்டண மானியம் வாங்கினால் படிப்பு முடிந்ததும் 3 வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க ஒப்பந்தம் போட வேண்டும். வேலையை அவளேதான் தேடிக்கொள்ள வேண்டும், அதனால்தான் சட்டம், வரி என்று இவ்வளவு நீட்டி எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு சனிக்கிழமை அவளை அனுப்பிவை. அலை இறங்கும் நேரம் பார்த்துச் சொல்கிறேன், சுங்கை பூலோ சதுப்புநிலக் காட்டில் சேற்றில் இறக்கிவிட்டுப் பார்ப்போம், திரும்பி வந்தும் இதையே படிக்கிறேன் என்றால் அண்ணனிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மாலா